ஒன்றும் வரவில்லை என்ற செய்தி

செக்காலை ரோட்டில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருக்கும் பயிற்சி மையத்தில் எனக்கு வேலை. அரசுத் தேர்வு எழுதுகிறவர்களுக்காக அன்றாடச் செய்திகளைத் திரட்டி, இரண்டு பக்கத்துக்குள் சுருக்கி, காலை வகுப்பு தொடங்குமுன் தர வேண்டும். பாடம் நடத்துகிறவர்கள் வேறு ஆட்கள். நானும் பல வருடம் அந்தத் தேர்வுகளை எழுதியவன்தான். வயது வரம்பு தாண்டியபின் அதே கட்டடத்தில் இந்த மேசைக்கு வந்து சேர்ந்தேன்.

வந்த புதிதில் ஒவ்வொரு இணையதளமாகத் திறந்து பார்த்துக் கண் எரியும். பிறகு ஃபீடுகளைத் திரட்டித் தரும் ஒரு செயலியைப் பழகிக்கொண்டேன். நாளிதழ்கள், அரசின் செய்திக் குறிப்புகள், தேர்வாணையத்தின் அறிவிப்புப் பக்கம், வானிலை என வேண்டியவற்றை அதில் சேர்த்துவிட்டால் போதும். எந்தத் தளத்தில் புதிதாக எது வந்தாலும் அதுவாக என் திரையில் வந்து விழும். படித்ததைத் தள்ளிவிடலாம், வேண்டியதற்குக் குறி போட்டு வைக்கலாம். முதல் சில மாதங்கள் டீ ஆறுவதற்குள் பாதி வேலை முடிந்துவிடும்.

அப்படி மிச்சமான நேரம் எனக்குக் கிடைக்கவில்லை. சீக்கிரம் முடிகிறது என்று தெரிந்ததும் முதலாளி கைபேசியில் ஒரு குழு தொடங்கினார். பிறகு பழைய மாணவர்களுக்கு ஒன்று, பெண்களுக்குத் தனியாக ஒன்று, மற்ற மையங்கள் என்ன போடுகின்றன என்று பார்ப்பதற்கு ஒன்று. நான் ஒரு சுருக்கத்தைப் போட்டால் சற்று நேரத்தில் வேறொரு மையத்தின் முத்திரையோடு அது எனக்கே திரும்பி வரும். என் எழுத்துப் பிழைகூட அப்படியே இருக்கும். ஃபீடு செயலியில் படிக்காதவற்றின் எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியதும், அதற்குமேல் எண்ணுவதை அதுவே நிறுத்திக்கொண்டது. சாப்பிடும்போதும் கட்டைவிரல் திரையைத் தள்ளிக்கொண்டே இருப்பதை என் மனைவி முதலில் கண்டித்தாள். அப்புறம் அவளும் விட்டுவிட்டாள்.

போன ஐப்பசியில் ஒரு தேர்வு வந்தது. ஞாயிற்றுக்கிழமை தேர்வு, வெள்ளியிலிருந்தே மழை. சனிக்கிழமை மதியம் எல்லாக் குழுக்களிலும் ஒரே படம் வந்து விழ ஆரம்பித்தது. கனமழை காரணமாகத் தேர்வு தள்ளிவைக்கப்படுகிறது என்று, முத்திரை, கையெழுத்து எல்லாம் வைத்த ஓர் அறிவிப்பு. நான் உடனே செயலியில் தேர்வாணையத்தின் ஃபீடைத் திறந்தேன். புதிதாக ஒன்றும் இல்லை. ஒருவேளை தாமதமாகிறதோ என்று அவர்களுடைய தளத்துக்கே போய்ப் பார்த்தேன். அங்கும் இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது தேதி இருந்த இடத்தில் மட்டும் எழுத்து சற்றுத் தடித்திருந்தது. எப்போதோ வந்த பழைய அறிவிப்பில் யாரோ தேதியை மாற்றியிருந்தார்கள்.

முதலாளி ஃபோன் செய்தார். மற்ற மையங்கள் எல்லாம் செய்தியைப் போட்டுவிட்டதாகவும், நாங்கள் மட்டும் சும்மா இருப்பதாகவும் சொன்னார்.

"ஆணையத்துல எதுவும் வரலைங்க" என்றேன்.

"ஊரே போட்டிருக்காக. நீங்க என்னத்தைப் பாத்துக்கிட்டு இருக்கீக?"

அது பொய்ப்படம் என்று விளக்கினேன். சரி, உங்கள் பொறுப்பு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். தேர்வாணையத்தில் எந்த அறிவிப்பும் இல்லை, தேர்வு நடக்கும் என்றே எண்ணி வாருங்கள் என்று எல்லாக் குழுக்களிலும் போட்டேன். அடுத்த நிமிடமே அதன்மேல் அந்தப் படம் பத்துப் பேர் கையிலிருந்து மறுபடி வந்து விழுந்தது. கும்பிடும் கைகள், அழும் முகங்கள், மழை வீடியோக்கள். என் வரியைப் பார்க்க வேண்டுமானால் யாராவது வெகுநேரம் மேலே தள்ளிக்கொண்டு போக வேண்டும். திரும்பத் திரும்பப் போட்டேன். வராத ஒன்றைச் செய்தியாகச் சொல்வது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. வந்துவிட்டது என்று சொல்ல ஒரு படம் போதும். வரவில்லை என்று காட்ட என்னிடம் காலியான ஒரு திரைதான் இருந்தது.

சாயங்காலம் நெற்குப்பையிலிருந்து ஒரு மாணவி ஃபோனில் கூப்பிட்டாள். கல்யாணமாகிக் கைக்குழந்தையோடு இருப்பவள். இரண்டு பஸ் மாறி வகுப்புக்கு வருவாள். குழுவில் அவள் எதுவும் எழுதிப் பார்த்ததில்லை.

"சார், தள்ளி வச்சுட்டாகன்னு எங்க வீட்ல சொல்றாக. பிள்ளைய எங்க மாமியார்கிட்ட விட்டுட்டு, மழையில வரணும். நீங்க போட்டதையும் பாத்தேன். எதை நம்புறது?"

நான் பார்த்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நிச்சயமாச் சொல்றீகளா?"

நிச்சயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நான் பாத்த வரைக்கும் தேர்வு இருக்கும்மா. நடக்காட்டி ஒருநாள் அலைச்சலோட போகும். நடந்து நீங்க வராமப் போனா அடுத்த வருசம்தான்."

அவளுக்குப் பின்னால் குழந்தை அழுதது. "வாரேன் சார்" என்று வைத்துவிட்டாள்.

தேர்வு நடந்தது. மதியம் அவள் முழங்கால்வரை நனைந்த சேலையோடு மாடிப்படி ஏறி வந்து, தேர்வறையில் பாதி பெஞ்சு காலியாக இருந்தது என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. கூடப் படித்த இரண்டு பேரை அங்கே தேடியிருக்கிறாள், அவர்கள் வரவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கேட்டாள்: "சார், குரூப்புல தேடிப் படிக்க முடியல. காலையில போடுற சுருக்கத்தை எனக்கு மட்டும் தனியா அனுப்புவீகளா?"

சரி என்றேன்.

அந்த இரண்டு பேரில் ஒருவன் திங்கட்கிழமை வந்தான். என் மேசைக்கு எதிரே வந்து நின்றான். நான் போட்டதை அவன் பார்க்கவே இல்லையாம். பார்த்தது அந்தப் படத்தை மட்டும்தான். அவன் கோபப்படவில்லை. சின்ன வயலை வைத்துக்கொண்டு அவன் அப்பா அவனைப் படிக்க அனுப்பிக்கொண்டிருந்தார். அடுத்த மாதத்திலிருந்து அவன் வகுப்புக்கு வரவில்லை. தேவகோட்டைப் பக்கம் ஏதோ கடையில் நிற்பதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அந்தத் திங்கட்கிழமையே முதலாளி உற்சாகமாக வந்தார். உண்மையைச் சொன்ன ஒரே மையம் நாம்தான் என்று ஒரு விளம்பரப் படம் தயார் செய்யச் சொன்னார். அந்தப் பொய் அறிவிப்பைச் சனிக்கிழமை பழைய மாணவர் குழுவில் போட்டவர்களில் அவரும் ஒருவர். என் கைபேசியில் அது அப்படியே இருந்தது. அவர் கேட்ட விளம்பரப் படத்தைச் செய்து கொடுத்தேன். அதற்கு எல்லாக் குழுக்களிலும் கைதட்டல்கள் வந்தன. நான் திரையை அணைத்துவிட்டுக் கீழே போய்க் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நெற்குப்பை மாணவி அந்த முறை தேறவில்லை. சில மதிப்பெண்களில் போய்விட்டது. அடுத்ததற்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். நான் ஃபீடுகளில் பாதியை எடுத்துவிட்டேன். மறுவாரமே முதலாளி வேறு சிலவற்றைச் சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன். தினமும் காலையில் சுருக்கத்தை முதலில் அவளுக்கு அனுப்புகிறேன், அப்புறம் குழுக்களுக்கு. குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுப் படிப்பாள்போல. இரவு பத்து மணிவாக்கில் அவளிடமிருந்து "படிச்சுட்டேன் சார்" என்று வரும். சில நாள் ஒரு சந்தேகமும் கூடவே இருக்கும். அதற்குப் பதில் எழுதிவிட்டுத்தான் குழுக்களில் வந்ததைத் திறக்கிறேன்.