ஏரிக்காரர்கள் நூலகம் வந்த நாள்

ஸோம்பா பல்கலைக்கழக நூலகத்தில் புதுப் புத்தகங்களுக்கு எண் ஒட்டி, கண்ணாடி அலமாரியில் பார்வைக்கு வைப்பது ஃபலேசியின் வேலை. பெட்டி வந்து இறங்கினால் போதும், கல்யாண வீட்டுக்காரி மாதிரி பரபரப்பாள். ஆனால் அந்த அலமாரி முன்னால் நின்றவர்களில் பாதிப்பேர் கண்ணாடியில் தலை சீவிக்கொள்ள வந்தவர்கள்.

ஒருநாள் வந்த பெட்டியில் சில்வா ஏரியைப் பற்றிய தடித்த ஆய்வு நூல் ஒன்று இருந்தது. ஏரி வற்றுவதும் நிரம்புவதும், மிதக்கும் புல்மேட்டில் குடிசை போட்டு மீனவர்கள் வாழ்வதும் அதில் இருந்தன. எழுதியவர் அதே பல்கலைக்கழகத்தின் டாக்டர் தமந்தானி. ஃபலேசி பிறந்ததே அந்த ஏரிக்கரைக் கச்சுலுவில்தான். நூலில் வரும் மீனவர்களின் பெயர் வரிசை கடைசிப் பக்கங்களில் இருந்தது; அதில் விரலை ஓட்டினாள். அண்ணன் புவனாலியின் பெயர்! அமைதியான வாசிப்புக் கூடத்தில் அவள் சிரித்த சிரிப்பில் எல்லாத் தலைகளும் திரும்பின.

நேரே தலைமை நூலகர் காமங்காவிடம் போனாள்.

"சார், இந்தப் புத்தகத்துக்கு ஒரு விழா வைப்போம். இதுல இருக்கிறவங்களையே கூப்பிடுவோம்."

"மீன்காரங்களையா? வாடை போக ஒரு மாசம் ஆகும்மா!"

"போன விழாவுக்குப் பெரிய மனுஷங்க பூசிட்டு வந்த சென்ட் வாடையே இன்னும் போகலையே, சார்."

காமங்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மீன் வெளியிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லி ஒத்துக்கொண்டார்.

சனிக்கிழமை ஒரு லாரி நிறைய ஆணும் பெண்ணுமாக வந்து இறங்கினார்கள். எல்லாரும் தேய்த்த சட்டை, பளிச்சென்ற துணி. கருவாட்டுக் கூடைகள் மரத்தடியில் இறங்கின. டாக்டர் தமந்தானி நீளமான உரை ஒன்றைத் தயாரித்து வந்திருந்தார். யார் கேட்டார்கள்? புத்தகம் கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தது.

"என் பேரு நாலு இடத்துல வருது. உன் பேரு ஒரே இடம்தான்," என்று வைசன் மார்தட்டினான்.

"நீ வலையை அறுத்துட்டு முழிச்ச கதைதானேடா நாலு இடத்துலயும்!" என்றான் புவனாலி.

கூடமே அதிர்ந்தது. ஆனால் ஃபலேசிக்குச் சித்தப்பா முறையான பெரியவர் சைதியின் பெயர் எங்குமே இல்லை. அவர் எழுந்து வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். ஃபலேசிக்கு மனசு கேட்கவில்லை. அழைத்து வந்து அவமானப்படுத்திவிட்டோமே!

"நான் மூணு தடவை போனேன், ஃபலேசி. வேலை இருக்குன்னு பேசவே மாட்டேன்னுட்டார்," என்றார் டாக்டர், பாவமாக.

ஃபலேசி பக்கங்களைப் புரட்டினாள். படங்கள் இருந்த இடத்தில் கை நின்றது. புத்தகத்தோடு வெளியே ஓடினாள்.

"சித்தப்பா, இது யாரு முதுகு?"

பக்கம் முழுக்க ஒரே படம். சேற்றில் படகைத் தள்ளும் ஒருவரின் வெற்று முதுகு.

சைதி உற்றுப் பார்த்தார். "என் முதுகை நான் எங்கம்மா பார்த்திருக்கேன்? உன் சித்தியைக் கேளு."

சித்தி ஆமினா வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, இவரேதான்! தினம் விடிஞ்சதும் எனக்கு முதுகைக் காட்டிட்டுப் போறவரை எனக்குத் தெரியாதா?"

சைதி எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே நடந்தார். நடையே மாறியிருந்தது.

"உங்களுக்கெல்லாம் ஒரு வரி, ரெண்டு வரி. எனக்கு முழுப் பக்கம்டா!"

பெண்கள் குலவையிட்டார்கள். டாக்டர் தமந்தானி உரையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, சைதியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆடினார்.

மரத்தடியில் ந்சிமா என்ற மக்காச்சோளக் களி கிண்டினார்கள், மீன் பொரித்தார்கள். காமங்கா இரண்டாம் முறை தட்டை நீட்டியபோது, "வாடை பரவாயில்லையா, சார்?" என்றாள் ஃபலேசி.

"பேசாம வைம்மா," என்றார் அவர்.

திங்கட்கிழமை அந்தப் புத்தகத்தைக் கேட்டு மாணவர்கள் வரிசையில் நின்றார்கள். ஃபலேசி இன்னும் வந்து சேரவில்லை. லாரியில் அவர்களோடு பாடிக்கொண்டே கச்சுலுவுக்குப் போனவள், ஒருநாள் கூடுதலாகத் தங்கிவிட்டாள்.