பூனைக்காக நான் செய்த சத்தியம்

பூனை வளர்க்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சோறு போடுங்கள், மடியில் வைத்துக் கொஞ்சுங்கள், ஆனால் அதற்காகச் சாட்சி சொல்ல மட்டும் போகாதீர்கள். நான் போனேன். கல்யாணமாகி மூன்றாவது வருஷம். பினாங்கு ரோட்டுக்குப் பின்னால் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு இருபத்திரண்டு வயது, வாய் மட்டும் நாற்பது வயசுக்காரிக்கு இருக்கிற அளவு.

அது என் தாய் வீட்டுப் பூனை. ரிக்‌ஷாவில் ஒரு கூடைக்குள் மூடி வைத்து, மடியில் பிடித்துக்கொண்டு கொண்டுவந்தேன். சாம்பல் நிறம், வால் நுனி மடங்கியிருக்கும். எங்கள் ஊர்ப் பூனைகளில் பாதிக்கு வால் அப்படித்தான். எங்களுக்கு அப்போது பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரர் கப்பல் ஆபீசில் கிராணி, கணக்கு எழுதுகிற குமாஸ்தா. காலையில் ட்ராம் ஏறினால் சாயங்காலம்தான் வருவார். அதுவரை நான் பேசுவதும் ஏசுவதும் அந்தப் பூனையோடுதான்.

வேட்டையில் அதற்கு ஈடு கிடையாது. பல்லி, ஓணான், சுண்டெலி, அணில் குட்டி, ஒரு தடவை உயிரோடு ஒரு தவளை, எதைப் பிடித்தாலும் வெளியே தின்னாது. வாயில் கவ்விக்கொண்டு கொல்லைக் கதவு வழியாக நேரே உள்ளே வரும். என் காலடியில் போட்டுவிட்டு, "எப்படி?" என்று கேட்கிற மாதிரி அண்ணாந்து பார்க்கும். நானும் வெட்கமில்லாமல், "என் தங்கமே, என் சிங்கமே" என்று தலையைத் தடவிக் கொடுப்பேன். பாராட்டினால் யாருக்குத்தான் வேகம் வராது? மறுநாள் இரண்டாகக் கொண்டுவரும்.

என் வீட்டுக்காரருக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஒருநாள் ஆபீசுக்குக் கிளம்பும்போது அவர் சப்பாத்துக்குள் காலை விட்டார், உள்ளே செத்த மூஞ்சூறு. அவர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுச் சீனத்தி வாசலுக்கு ஓடிவந்துவிட்டாள். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. சில மனுஷர்கள் அடியை மறந்துவிடுவார்கள், சிரிப்பை மறக்கமாட்டார்கள்.

பக்கத்து வீட்டில் ஒரு அண்ணன் இருந்தார். துறைமுகத்தில் கிடங்கு மேஸ்திரி. நாங்கள் வேதக்காரர்கள், அவர் முருக பக்தர். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வருஷம் தவறாமல் பால்காவடி எடுப்பார். பெண்டாட்டி செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது, பிள்ளை கிடையாது. அவருக்கு இருந்ததெல்லாம் நாலு மெர்போக். புறாவில் சின்ன ஜாதி, கழுத்தோரம் கோடு கோடாக இருக்கும், கூண்டில் வைத்து வளர்த்தால் பாடும். மலாய்க்காரர்களுக்கு அதன்மேல் உயிர். இவரும் அவர்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டார். விடியற்காலையில் வாசல் கம்பத்தில் கூண்டுகளைக் கயிறு கட்டி மேலே ஏற்றுவார். அதில் ஒன்று, காலில் சிவப்பு நூல் கட்டியது, பாட ஆரம்பித்தால் தெருவில் போகிற சைக்கிள்காரன்கூட இறங்கி நிற்பான். அதைக் கேட்பதற்கென்றே தூரத்திலிருந்து மலாய்க்காரர்கள் வந்து, வாசலில் குந்தி உட்கார்ந்து, வாயே திறக்காமல் கேட்டுவிட்டுப் போவார்கள்.

என் பூனையை அவருக்கும் பிடிக்கும். பறவைக்கு வைத்த தினையை எலி தின்கிறது என்று அவர் புலம்பியபோது அந்த எலிகளை ஒழித்தது அதுதான். "தங்கச்சி, ஒங்க பூனைக்கு நான் கடன்பட்டவன்லா" என்று மீன் தலையைக் கொல்லைச் சுவர்மேல் வைத்துக் கூப்பிடுவார். அந்தச் சுவரைத் தாண்டினால் அவர் கொல்லை. கெட்ட பழக்கத்தை எல்லோரும் சேர்ந்துதான் கற்றுக்கொடுத்தோம் என்று இப்போது புரிகிறது.

ஒருநாள் மத்தியானம் அந்தச் சிவப்பு நூல் பறவை காணாமல் போனது. குளிப்பாட்டிவிட்டு, இறகு காயட்டும் என்று கூண்டைக் கொல்லையில் தரையில் வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறார். திரும்பி வந்தால் கூண்டு கவிழ்ந்து கிடக்கிறது, கதவு திறந்திருக்கிறது, பறவை இல்லை. சாயங்காலம் எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். சட்டைகூடப் போடவில்லை. என் வீட்டுக்காரரும் அப்போதுதான் ஆபீசிலிருந்து வந்திருந்தார்.

"தப்பா நெனைக்காதே தங்கச்சி. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறேன். ஒன் பூனை..."

அவ்வளவுதான், எனக்கு வந்ததே கோபம்!

"எம் பூனையா? ஒங்க எலியெல்லாம் பிடிச்சது எம் பூனை. ஒரு வருஷமா ஒங்க கூண்டுக்குக் கீழேயே படுத்துக் கெடந்துச்சே, அப்பல்லாம் தொட்டுச்சா? எதைப் பிடிச்சாலும் எங்காலடியில கொண்டாந்து போடும் அண்ணே. எனக்குத் தெரியாம ஒரு பல்லியக்கூடத் தின்னாது."

"சரிம்மா, சரி. சும்மாத்தான் கேட்டேன்" என்று அவர் திரும்பினார். அத்தோடு விட்டிருக்கலாம். விட்டேனா? "நில்லுங்கண்ணே" என்று அவரை நிறுத்தினேன். கூடத்தில் அந்தோணியார் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் போய் நின்று, "எம் பூனை ஒங்க பறவையத் தொடல. இனி ஒங்க கொல்லைப் பக்கமே அது வராது. இது சத்தியம்" என்று சொல்லி, எரிகிற திரியை உள்ளங்கையால் அடித்து அணைத்தேன்.

எங்கள் வேதத்தில் அப்படியொரு வழக்கமே கிடையாது. கற்பூரத்தை ஏற்றி, அதைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்வது இந்துக்கள் வழக்கம். சின்ன வயசில் அக்கம்பக்கத்தில் பார்த்தது, கோபத்தில் கை தானாகச் செய்துவிட்டது. எனக்கு அது கோபம், அவ்வளவுதான். ஆனால் அவருக்கு அப்படியில்லை. தீயை அணைத்துச் சொன்ன வார்த்தைக்கு மேல் அவர்களுக்குப் பேச்சே இல்லை, அதற்குப் பிறகும் சந்தேகப்படுகிறவன்தான் பாவி. அவர் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு கையையும் கூப்பி, "ஐயோ, ஒரு பறவைக்காக ஒன்ன இதைச் செய்ய வெச்சிட்டேனே! தண்ணிமலையான் என்ன மன்னிக்கணும்" என்றார். நான் ஜெயித்தவள் மாதிரி நின்றேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்தது.

நாலு நாள் கழித்து, கட்டிலுக்கு அடியில் இருந்த என் கல்யாணப் பெட்டியை நகர்த்திப் பெருக்கினேன். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இறகுக் குவியல். விளக்குமாற்றால் இழுத்தேன். சின்னதாக ஒரு கால் வந்தது, அதில் சிவப்பு நூல்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பூனை வாசற்படியில் வெயில் காய்ந்துகொண்டு முகத்தை நக்கிக்கொண்டிருந்தது. "அடி சண்டாளி!" என்று கத்தினேன். எலியையும் தவளையையும் ஊரறியக் கொண்டுவந்து என் காலடியில் போட்டாயே, இதை மட்டும் ஒளித்துவைத்துத் தின்றாயே! உனக்காக அந்தோணியாருக்கு முன்னால் கையைச் சுட்டுக்கொண்டேனே! வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள், நான் அந்த ஓணானாகிவிட்டேன். அது எழுந்து வந்து என் முழங்காலில் தலையைத் தேய்த்தது. தள்ளிவிட்டேன். மறுபடி வந்தது. அதற்கு என்ன தெரியும்? தெரியாது என்பது எனக்கும் தெரியும், ஆனாலும் அன்றைக்கு அந்தப் பூனையை வெறுத்த மாதிரி நான் ஒரு மனுஷனையும் வெறுத்ததில்லை.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பிரான்ஸ் தேசத்துச் சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தெரியாமல் சொன்னது பொய் அல்ல மகளே. தெரிந்த பிறகு மறைப்பதுதான் பொய். போய்ச் சொல்லிவிடு" என்றார். அவ்வளவு சுலபம் அவருக்கு. பக்கத்து வீட்டு வாசல்வரை மூன்று தடவை போனேன். மூன்று தடவையும், "வா தங்கச்சி" என்று அந்த மனுஷன் முகம் மலர்ந்து எழுந்ததும், சர்க்கரை இருக்கிறதா, தீப்பெட்டி இருக்கிறதா என்று எதையோ கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் இறகையும் காலையும் அடுப்பில் போட்டார். "முடிஞ்சு போச்சு. இனி இதைப் பத்திப் பேசாதே. கிராணி பெண்டாட்டி பொய்ச் சத்தியம் பண்ணினாள்னு ஊர்ல பேர் வரணுமா?" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அண்ணன் மறுபடி வந்தார். அதற்குள் இன்னொரு மெர்போக்கும் போயிருந்தது. இந்தத் தடவை அவர் எங்கள் பூனையைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"மூசாங்தான் தங்கச்சி, சந்தேகமே இல்ல" என்றார். மூசாங் என்றால் கூரை வழியாக வருகிற மரநாய். "பூனை இல்லன்னு ஆயிருச்சு, வேற எது வரும்? இன்னைக்கு ராத்திரி கோழிக்குடல்ல பாஷாணம் தடவி என் கொல்லையில வைக்கப் போறேன். ஒன் பூனை அந்தப் பக்கம் வராதுன்னு தெரியும். இருந்தாலும் வாயில்லா ஜீவன், ஒரு வார்த்தை சொல்லிட்டு வைக்கலாம்னு வந்தேன்."

இதைவிட நல்ல சமயம் கடவுள் எனக்குக் கொடுக்க முடியாது. வாயைத் திறந்தேன். அதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"தாராளமா வைங்கண்ணே. அது ஒங்க பக்கம் வரவே வராது. இவதான் சத்தியம் பண்ணிருக்காளே!"

அண்ணன் போனதும் நான் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "இப்பவே போய்ச் சொல்லிடறேங்க. என்ன வேணா நெனைச்சுக்கட்டும்" என்றேன். அவர் அன்றைக்கு என்றுமில்லாத அன்பாகப் பேசினார். "எதுக்கு அழுவுற? பூனையக் கட்டிப் போட்டாப் போச்சு. மூசாங் வரல்லன்னா ரெண்டு நாள்ல அவரே எடுத்துடுவாரு. நீ கோயிலுக்குப் போ, நான் பார்த்துக்கறேன்." என் கண்ணெதிரிலேயே பூனையின் கழுத்தில் கயிறு போட்டு, அடுப்படியில் அம்மிக்குப் பக்கத்திலிருந்த தூணில் கட்டினார். பூனைக்குக் கயிறு பழக்கமில்லை, கத்தியது. செவ்வாய் அந்தோணியார் ஜெபத்துக்கு நேரமாகிவிட்டது. நான் அவரை நம்பி முக்காட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

திரும்பி வந்தபோது கயிறு மட்டும் தூணில் தொங்கியது. அறுந்த கயிறு இல்லை, அவிழ்த்த கயிறு. கொல்லைக் கதவு திறந்திருந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"எங்கங்க பூனை?"

"அவுத்து விட்டேன்."

"ஏன்?"

"அப்படிக் கத்துது. ஒரு நாளும் கட்டாத பூனைய இன்னைக்கு மட்டும் ஏன் கட்டி வெச்சிருக்காங்கன்னு அந்தாளு யோசிக்கமாட்டாரா? அவரு என்ன முட்டாளா?"

கொல்லைக்கு ஓடினேன். இருட்டிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் நடமாடுகிற சத்தம் கேட்டது. "பூஸ் பூஸ்" என்று இரண்டு வார்த்தை கூப்பிட்டிருந்தால் அது எங்கே இருந்தாலும் ஓடி வந்திருக்கும். கூப்பிட்டால் அவருக்குக் கேட்டுவிடும். கேட்டால், ஏன் இவ்வளவு பதற்றம் என்று தோன்றிவிடும். என் வீட்டுக்காரர் பின்னால் வந்து, "வாயை மூடிட்டு உள்ள வா" என்றார். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று சொல்வார்களே, அந்த மனுஷன் யாருக்குக் காவல், யாருக்குத் தோழன் என்று அன்றைக்குப் பார்த்துக்கொண்டேன். ஆனால் கூப்பிடாமல் உள்ளே வந்தது நான்தான். அதை அவர் தலையில் கட்ட முடியாது.

விடிந்து, அவர் ஆபீசுக்குக் கிளம்புவதற்கு முன்பே கொல்லைக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தேன். அண்ணன் நின்றிருந்தார். தோளில் போடுகிற துண்டில் எதையோ சுற்றி, பச்சைப் பிள்ளையை ஏந்துகிற மாதிரி இரண்டு கையிலும் வைத்திருந்தார். துண்டுக்கு வெளியே மடங்கிய வால் நுனி தெரிந்தது.

"பாவி நான், கொன்னுட்டேன் தங்கச்சி" என்று அழுதார். அவ்வளவு பெரிய ஆள், தேம்பித் தேம்பி அழுதார். "சுவரோரமாக் கெடந்துச்சு. என் கொல்லைக்குள்ள அது வந்திருக்காது, எனக்குத் தெரியும். நீ பொய் சொல்றவ இல்ல. பாஷாணம் தின்ன எலி எதுவோ இந்தப் பக்கம் வந்திருக்கும், அதைப் பிடிச்சுத் தின்னுருக்கும். என் பறவை போன ஆத்திரத்துல ஒன் பூனையக் கொன்னுட்டேனே! என்ன மன்னிச்சிடும்மா."

பூனை செத்து அவர் கையில் கிடக்கிறது, அப்போதும் அந்த மனுஷனுக்கு என் சத்தியத்தின்மேல் சந்தேகம் வரவில்லை.

"அட விடுங்கண்ணே. பூனைதானே!" என்றார் என் வீட்டுக்காரர்.

அண்ணன் அவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் மன்னித்தேன் என்று சொன்னால்தான் அவரால் அங்கிருந்து நகர முடியும். தொண்டைவரை வந்துவிட்டது எல்லாம். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"பரவாயில்லண்ணே" என்றேன். "ஒங்க மேல தப்பு இல்ல. நான் மன்னிச்சிட்டேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைத் தொடவிடாமல் தானே எங்கள் கொல்லையில் குழி வெட்டினார். மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தது என் வீட்டுக்காரர்.