வாசலில் தொங்கிய சீனக்காரம்

எனக்குச் சவரம் செய்யக் காட்டித் தந்தவர் என்று யாரும் இல்லை. அப்பா வீட்டில் சவரக்கத்தி வைத்திருந்ததே இல்லை. தாடி சொறியத் தொடங்கினால் சலூனுக்குப் போய்க் கதிரையில் சாய்ந்துவிடுவார். வயல்வேலைக்குப் போகிறவருக்குத் தினமும் மழித்த முகம் எதற்கு? எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்து, கம்பஸுக்கும் போய், காலர் வைத்த சட்டையோடு கொழும்புக்கு வேலைக்கு வந்தவன் நான்தான். ஆகவே தினமும் சவரம் செய்தாக வேண்டிய முதல் ஆளும் நானாகிவிட்டேன்.

வேலை பம்பலப்பிட்டியில், ஒரு காப்புறுதி நிறுவனத்தின் முன்மேசையில். வருகிறவர்கள் முதலில் பார்ப்பது உன் முகத்தைத்தான் என்று மனேஜர் சொல்லியிருந்தார். உண்மையில் யாரும் பார்ப்பதில்லை. பத்திரத்தை நீட்டுவார்கள், என் கையைப் பார்ப்பார்கள், பிறகு தங்கள் போனைப் பார்ப்பார்கள். பிளேடு இழுத்த இடமெல்லாம் எனக்குச் சிவந்து பொரிந்துவிடும். ஒருநாள் காலரில் இரத்தப்பொட்டோடு மாலைவரை அந்த மேசையில் இருந்திருக்கிறேன். அறைக்கு வந்து சட்டையைக் கழற்றியபோதுதான் கண்டேன். அத்தனை பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. அம்மாவோடு வீடியோவில் கதைத்தாலும், பழக்கத்தில் போனைக் காதில் வைத்துக்கொள்வார். எனக்கு அவருடைய தோடு தெரியும். அவருக்கு நான் தெரிவதில்லை.

என் முகத்தைப் பார்த்தவர் அன்ரி மட்டும்தான். வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், மூன்றாம் மாடி வீட்டில் அவரிடம் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருந்தேன். தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. சாப்பாடு தருவதாகப் பேச்சில்லை. ஆனாலும் நான் வேலையால் வரும் நேரத்துக்குக் குசினி மேசையில் ஒரு பிளேன்ரீ இருக்கும். அதைக் குடிக்கும் வரைக்கும் கதைப்போம். காலையில் இருந்து நான் பேசியதெல்லாம் “கையெழுத்து இங்கே”, “அடுத்தவர்” என்பவைதான். அந்தத் தேத்தண்ணி நேரத்தில்தான் எனக்கு ஒரு குரல் இருக்கிறது என்று தெரியும்.

“என்ன தம்பி, முகத்தில பூனை பிராண்டினதோ?”

“இல்லை அன்ரி, பிளேடு.”

“அப்ப பூனையே பரவாயில்லை.”

சவரம் செய்தபின் சீனக்காரம் தேய்த்தால் எரிவு அடங்கும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அதில் படிகாரம் என்றார்கள், எங்களுக்கு அது சீனக்காரம். எங்கள் ஒழுங்கை போய்ச் சேரும் காலி வீதியில் ஒரு பார்மசியில் கேட்டேன். “நே மல்லி”, இல்லைத் தம்பி என்று பார்மசிக்காரர் சிங்களத்தில் சொல்லிக் கையை விரித்துவிட்டு, ஆஃப்டர் ஷேவ் போத்தல் ஒன்றைத் தூக்கி வைத்தார். சுப்பர்மார்க்கெட்டிலும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போன இடத்தில், கோயிலுக்குப் பக்கத்துப் பூசைச்சாமான் கடையில், கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் நடுவில், கண்ணாடி மாதிரி வெள்ளைக் கட்டிகளாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

“வீட்டுக்கா தம்பி, கடைக்கா?” என்றார் கடைக்காரர்.

பக்கத்தில் பெண்கள் நின்றார்கள். முகத்துக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. “வீட்டுக்கு” என்றேன்.

கறுத்தக் கயிற்றில் பின்னிய சிறு வலைக்குள் கட்டியைப் போட்டு முடிச்சிட்டார். “வாசல்ல கட்டுங்க. கீழ வைக்காதீங்க.”

நான் தலையாட்டினேன். அறைக்கு வந்ததும் கல்லை வலையிலிருந்து எடுத்துச் சவர்க்காரத் தட்டில் வைத்தேன். வலையை மேசைக்குள் போட்டேன்.

மறுநாள் சவரம் முடிந்ததும் முகத்தைக் குளிர்ந்த தண்ணீரால் கழுவி, கல்லையும் நனைத்து, கன்னத்தில் தொடங்கிக் கழுத்துவரை தேய்த்தேன். நிதானமாக இழுத்த இடத்தில் ஒன்றும் தெரியாது. அவசரப்பட்ட இடத்தில் மட்டும் எறும்பு கடித்ததுபோல் சுள்ளென்று எரியும். சற்றுநேரம் அப்படியே விட்டுக் கழுவினால் தோல் இறுகி நிற்கும். எரிந்த இடங்களை அடுத்த நாள் நினைவு வைத்துக்கொண்டு, மெல்ல இழுக்கப் பழகினேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு அடங்கியது.

ஒரு மாலை, தேத்தண்ணியை என் பக்கம் தள்ளும்போது அன்ரி நிமிர்ந்து பார்த்தார்.

“முகம் நல்லாத் தெளிஞ்சிட்டுது தம்பி. மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீர்.”

நான் சிரித்தேன். அறைக்குள் வந்தும் எனக்குச் சந்தோசம் அடங்கவில்லை.

அடுத்த நாள் காலையில் பார்த்தால், கல் சவர்க்காரத் தட்டில் தேங்கிய தண்ணீரில் கிடந்து, ஒரு பக்கம் கரைந்து வழுவழுவென்று இருந்தது. காற்றுப்பட உலரவிட வேண்டும் என்று வீடியோவில் சொன்னது நினைவு வந்தது. என் அறைக்கு ஜன்னல் இல்லை. நடையில்தான் கடற்காற்று வரும். வலையைத் தேடி எடுத்துக் கல்லைப் போட்டு, என் அறைக்கதவுக்கு மேலே, நடைப்பக்கம் இருந்த ஆணியில் தொங்கவிட்டேன். அது எனக்குச் சவரக்கல். அதை வேறொருவர் வேறு விதமாகப் பார்க்கலாம் என்று தோன்றவே இல்லை.

அன்று மாலை மேசையில் தேத்தண்ணி இல்லை.

அன்ரிக்குச் சுகமில்லையாக்கும் என்று நினைத்தேன். அடுத்த நாளும் இல்லை. அவருடைய அறைக்கதவு சாத்தியிருந்தது, உள்ளே டீவி சத்தம் கேட்டது. காலையில் நான் வெளியே வந்தால் பல்கனிக்குப் போய்விடுவார். கரன்ட் பில் கூடிவிட்டதோ, குளியலறையில் மயிர் கிடந்ததோ என்று நினைத்து, தரையைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். அதற்கும் ஒரு சொல் இல்லை. மாலையில் பஸ்ஸால் இறங்கி நேரே வராமல், தண்டவாளத்தைக் கடந்து கடலோரத்துக் கல்லில் போய் இருக்கத் தொடங்கினேன். அங்கே சோடிகள் குடைக்குள் இருப்பார்கள். ரயில் போகும். இருட்டியபிறகு எழுந்து வருவேன்.

ஒரு சனிக்கிழமை நடையில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது, கனடாவில் இருக்கும் தமக்கையோடு அன்ரி போனில் கதைப்பது கேட்டது. வெளிநாட்டுக் கோல் என்றால் அவர் சத்தமாகத்தான் கதைப்பார்.

“நான் என்னக்கா பெரிசாச் சொல்லிட்டன்? முகம் தெளிஞ்சிட்டுது எண்டன். அடுத்த நாளே வாசலில கறுத்தக் கயித்தில சீனக்காரத்தைக் கட்டியிருக்கிறான், என்ர கண் பட்டிடும் எண்டு. அப்ப தங்கச்சியின்ர பிள்ளையைத் தூக்கக் கேட்டாலும் கறுத்தப் பொட்டு வச்சுத்தானே தந்தவை. பிள்ளை இல்லாதவள் எண்டு. இப்ப வாடகைக்கு வந்த பெடியனும்...”

ஒரு செருப்போடு அப்படியே நின்றேன்.

மறுநாள் காலை சவரம் முடிந்த ஈர முகத்தோடு, தோளில் துவாயோடு, கல்லைக் கழற்றிக்கொண்டு குசினிக்குப் போனேன். அன்ரி தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

“அன்ரி, இதை ஒருக்காப் பாருங்கோ.”

குழாயில் கல்லை நனைத்துத் தாடையில் தேய்த்தேன். எரிந்தது. அவசரத்தில் உதட்டிலும் பட்டுவிட்டது.

“என்ன செய்யிறீர்?”

“சேவ் எடுத்தாப் பூசுறது. இதாலதான் முகம் மாறினது.”

“சீனக்காரத்தாலயோ?”

“ஓம்.”

“அப்ப ஏன் வாசலில கட்டினனீர்?”

“காயத்தான் அன்ரி. பாத்ரூமில கரையுது. அறைக்குள்ள காத்தில்லை.”

“கறுத்தக் கயிறு?”

“கடையில தந்தவை.”

அவர் துருவலை நிறுத்திவிட்டு வலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். “பல்கனியில கொடி இருக்கு. என்ர சீலை காயுற இடத்தில உம்மட கல் காயாதோ?”

“நீங்கள் அப்பிடி நினைப்பீங்கள் எண்டு எனக்கு...”

“நான் ஒண்டும் நினைக்கேல்லை.” மறுபடி துருவத் தொடங்கினார். “வாயைக் கழுவும். துவர்க்கும்.”

அன்று மாலை மேசையில் தேத்தண்ணி இருந்தது. பூனைப் பகிடியும் திரும்பி வந்தது. கல் பல்கனிக் கொடியில், உடுப்புக் கிளிப்பொன்றில் தொங்கியது. எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். அன்ரி கோதுமை மா விலை கதைப்பார், பக்கத்து வீட்டு லிப்ட் சண்டையைக் கதைப்பார். என் முகத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்வதில்லை.

வேலை நிரந்தரமான அன்று, வருகிற வழியில் தலைமயிர் வெட்டி, புதுச் சட்டையும் போட்டுக்கொண்டு வந்து மேசையில் இருந்தேன். விசயத்தைச் சொன்னேன். சந்தோசப்பட்டார், சாமியறைக்குப் போய்த் திருநீறு கொண்டுவந்து தந்தார். பிறகு எதிரே இருந்து என்னை ஒருதரம் பார்த்தார். அவர் வாயில் ஏதோ வந்ததைக் கண்டேன். யாராவது அன்று என்னைப் பார்த்து, மாப்பிள்ளை மாதிரி என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. பூசியிராத திருநீற்றைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

அவர் கண்ணைத் தாழ்த்திக் கோப்பையைப் பார்த்தார்.

“ஆறப்போகுது தம்பி, குடியும்.”