பிரேக்கு அக்காவும் எல் போர்டுப் பூனைகளும்

முழங்கையையும் முழங்காலையும் ஊன்றிச் சமையலறைத் தரையில் தவழ்ந்துகொண்டிருக்கிறார் பிரேக்கு அக்கா. தலை தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. அப்படியே போய் மேடையின் கீழ்மூலையில் நெற்றியால் மெதுவாக முட்டுகிறார். “இது வலிக்குது” என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த ஸ்பாஞ்சுப் பட்டையைக் கிழித்து அந்த மூலையில் ஒட்டுகிறார். அடுத்து ஃபிரிட்ஜின் ஓரம். ஒரு முட்டு. “இது பரவாயில்ல.” நகர்கிறார். பின்னாலேயே ஒரு கறுப்புப் பூனை நேராக வரப் பார்த்து, வலப்பக்கம் சரிந்து, சுவரில் தோளைத் தேய்த்து நிமிர்ந்து, மறுபடி சரிந்து வருகிறது. யார் யாருக்குப் பாடம் எடுக்கிறார்கள் என்று பார்ப்பவருக்குக் குழப்பம்தான்.

அக்காவின் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஆனால் காலால் மிதிப்பதற்கு முன்பே வாயால் மிதித்துவிடுவார். “பிரேக்கு, பிரேக்கு, பிரேக்கேய்!” என்ற குரலுக்குக் காருக்குள் இருப்பவர் மட்டுமல்ல, எதிரே சைக்கிளில் வருபவரும் நின்றுவிடுவார். பட்டப்பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கும் கணவர்கூட, வருகிறவர்களிடம் “உங்க பிரேக்கு அக்கா உள்ளதான் இருக்காங்க” என்றே சொல்கிறார். நெடுநெடுவென்ற உருவம், ஒட்ட வெட்டிய முடி. ஜன்னல் பக்கத்துக் கை மட்டும் வெயிலில் கறுத்து, இன்னொரு கை வேறு யாருடையதோ போல இருக்கும்.

முதல் பூனை வந்தது ஒரு தப்பான முடிவால். மாணவி ஒருவர் காரைப் பின்னுக்கு எடுத்தபோது, சக்கரத்துப் பக்கத்திலிருந்து ஒரு குட்டி உருண்டு வந்து விழுந்தது. எழுந்தது. நாலடி வைத்தது. மறுபடி விழுந்தது. ஏற்றிவிட்டோம் என்று இருவரும் முடிவுகட்டிவிட்டார்கள். மாணவி ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு அழ, அக்கா கார் துடைக்கும் துண்டில் குட்டியைச் சுருட்டிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினார். மருத்துவர் அதை மேசைமேல் நடக்கவிட்டுப் பார்த்து, “இது உங்க கார் பண்ணின வேலை இல்லம்மா, பிறவியிலேயே இப்படித்தான்” என்றார். தாய்ப்பூனை சினையாக இருந்தபோது வந்த ஒரு தொற்றால் குட்டியின் சிறுமூளை முழுதாக வளரவில்லை. இதில் வலி கிடையாது. மற்றப் பூனைகளுக்கு ஒட்டாது. வயது ஏற ஏற முற்றுவதும் இல்லை. அடி எடுத்துவைக்கிற கணக்கு மட்டும் எப்போதும் தப்பிக்கொண்டே இருக்கும்.

“ஏத்தலைன்னு தெரிஞ்சதும் நிம்மதியா வீட்டுக்கு வர்றவங்கதான் மனுஷங்க. இவ குட்டியோட வந்தா” என்கிறார் கணவர்.

அக்கா இதைத் தன் தொழில் மொழியில் சொல்வார்: “இன்ஜின் நல்லாருக்கு. டயர் நல்லாருக்கு. ஸ்டியரிங்தான் கொஞ்சம் லூஸு.” சாப்பாட்டுக் கிண்ணத்தை நெருங்க நெருங்கத் தலை ஆட்டம் கூடும். வாய் கிண்ணத்துக்கு இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை போய், பிறகுதான் இலக்கைப் பிடிக்கும். தூங்கும்போது அந்த நடுக்கம் சுத்தமாக நின்றுவிடும். அப்படித் தூங்குகிற ஒன்றைக் காட்டி, “இப்ப பாருங்க, வண்டி ஆஃப். எந்தக் குறையாவது தெரியுதா?” என்று ரகசியக் குரலில் கேட்பார்.

அவர் வீட்டில் வழவழப்பான தரை கண்ணில் படாது. மூடிப்போன ஒரு தியேட்டரின் கம்பளத்தை வாங்கி வந்து சுவரிலிருந்து சுவர்வரை விரித்திருக்கிறார். கிண்ணங்கள் எல்லாம் கல்லால் ஆனவை, செங்கல்மேல் நிற்பவை. மணல் தொட்டி என்பது பெரிய துணி ஊறவைக்கும் தொட்டி. ஒரு பக்கம் வாசல் வெட்டியிருக்கிறது, மற்ற பக்கங்கள் சாய்ந்துகொள்ள. நகம் வெட்டலாமா என்று யாராவது கேட்டால் கோபம் வந்துவிடும். “நகத்தாலதான் அதுங்க பிடிச்சு நிக்குதுங்க. டயரைக் கழட்டிட்டு வண்டி ஓட்டச் சொல்வீங்களா?”

அங்கே புழங்கக்கூடாத சொல் ஒன்று உண்டு. யாராவது “ஐயோ, பாவம்” என்றால் அக்கா திரும்பிக் கேட்பார்: “ஏன், அது என்ன பாவம் பண்ணிச்சு?” விழுந்த பூனையைத் தூக்க ஓடினால் கையிலேயே ஒரு தட்டு விழும். “தூக்காதீங்க. எந்திரிக்கத் தெரியும் அதுக்கு. நீங்க தூக்கித் தூக்கி விட்டா மறந்துடும்.”

மூன்று பூனைகளுக்குமேல் அவர் வைத்துக்கொள்வதில்லை. இந்தப் பூனைகளுக்குச் சாய்ந்து நடக்கச் சுவர் வேண்டும். நான்கு சுவர்களில் ஒன்றைக் கணவரின் கட்டில் பிடித்துக்கொண்டது. “நாலாவது வந்தா டிராஃபிக் ஜாம்” என்கிறார் அக்கா. அதனால் வருகிற ஒவ்வொன்றையும் பழக்கி, நல்ல வீடாகப் பார்த்து அனுப்பிவிடுவார். அனுப்புவதற்கும் ஒரு முறை வைத்திருக்கிறார். கூடையின்மேல் சிவப்பில் ‘எல்’ என்று எழுதிய அட்டை தொங்கும். சில வாரங்களுக்குப் பூனை அந்த வீட்டில் எல் போர்டில் இருக்கும். பிறகு அக்கா நேரில் போய் டெஸ்ட் வைப்பார். பாஸானால் அட்டையைக் கழற்றிக்கொண்டு வருவார். இல்லையென்றால் பூனையைத் தூக்கிக்கொண்டு வருவார். டெஸ்ட் பூனைக்கில்லை, வீட்டுக்காரர்களுக்கு.

நான் போன சமயத்தில் அங்கே இருந்தவை இரண்டு. முன்னால் போவதைவிடப் பின்னால் போவது சுலபம் என்று கண்டுபிடித்துவிட்ட ரிவர்ஸ், விழும்போதெல்லாம் கத்தி ஊரைக் கூட்டும் ஹாரன். மூன்றாவதான யூ டர்ன் எல் போர்டில் போயிருந்தது. அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று கேட்டேன்.

“எங்க அனுப்பினாலும் திரும்பி வந்துடும். மூணு வீடு பாத்தாச்சு. ராசியில்லாத பூனை” என்றார் அக்கா.

உள்ளே சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கணவர் எட்டிப் பார்த்தார். “திரும்பி வந்துச்சா? தானா நடந்து வந்துச்சா? வாசப்படி தாண்டவே அரை நாள் ஆகும் அதுக்கு.”

“நீங்க வேலைக்குக் கிளம்புங்க.”

“சொல்லிட்டுக் கிளம்புறேன். மொதல் வீட்டுல என்ன குத்தம்? அந்த அம்மா பூனையை இடுப்புலயே வச்சிருந்துச்சு, நடக்கவே விடலன்னு தூக்கிட்டு வந்தா. சரி, நியாயம். ரெண்டாவது வீட்டுல என்ன? பூனை ஒரு படியில உருண்டுச்சு, அவங்க பேப்பர் படிச்சுட்டு இருந்தாங்களாம். கல்நெஞ்சக்காரங்கன்னு தூக்கிட்டு வந்தா. மூணாவது வீடு…”

“அவங்க வீட்டுல ஊதுவத்தி வாசனை ஜாஸ்தி.”

“கேட்டீங்கல்ல?” கணவர் என்னைப் பார்த்தார். “தூக்கினாலும் பெயிலு, தூக்காட்டியும் பெயிலு. அந்தப் பூனை மேல இவளுக்கு ஒரு இது. வாயைத் திறந்து சொல்ல மாட்டா. ஊருக்கெல்லாம் பாஸ் போடுவா, யூ டர்னுக்கு மட்டும் பெயில் போட்டுக் கூட்டிட்டு வந்துடுவா.”

அக்கா ஹாரன் கிண்ணத்தில் சிந்தியதைத் துடைக்கப் போனார். அங்கே எதுவும் சிந்தியிருக்கவில்லை.

அன்று காலைதான் கால்நடை மருத்துவரிடமிருந்து தொலைபேசி வந்திருந்தது. “அம்மா, உங்க கம்பெனி ஆளுங்க ரெண்டு பேர் வந்திருக்காங்க” என்றாராம். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகள், இரண்டுக்கும் அதே ஆட்டம். கொண்டுவந்த வீட்டுக்காரர் ஊசி போட்டு முடித்துவிடச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மருத்துவருக்குக் கை வரவில்லை. ஆனால் மருத்துவமனையின் டைல்ஸ் தரையில் குட்டிகள் நிற்கமுடியாமல் வழுக்கிக்கொண்டே இருக்கின்றன. இந்த வாரத்துக்குள் ஓர் இடம் சொன்னால் நல்லது என்றிருக்கிறார். இரண்டும் பொடிசு, சேர்ந்து ஒரு சுவரில் சமாளித்துக்கொள்ளும் என்பது அக்காவின் கணக்கு. யூ டர்ன் இருக்கிற இடத்திலேயே இருந்துவிட்டால் இவற்றுக்கு வழி உண்டு. யூ டர்ன் திரும்பினால் இல்லை. டெஸ்ட் அன்றைக்கு மாலை.

நானும் உடன் போனேன். அக்கா கூடையை எடுத்துக்கொண்டார்.

“எதுக்குக் கூடை?” என்றார் வேலை முடிந்து வந்திருந்த கணவர்.

“சும்மாதான்.”

“சும்மான்னா வெறுங்கையா போ.”

கூடை பின்சீட்டில் ஏறியது.

யூ டர்ன் இருந்த வீட்டுக்காரப் பெண்ணின் வேலை, தண்ணீர் வரவில்லை, குழாய் உடைந்தது என்று கூப்பிடுகிறவர்களின் புகார்களை வீட்டிலிருந்தபடியே தொலைபேசியில் கேட்டுப் பதிந்துகொள்வது. “ஆபீஸ்ல என் பேரே புகார்ப்பெட்டிதான்” என்று அவரே அறிமுகப்படுத்திக்கொண்டார். காதில் மாட்டிய கருவியைக் கழற்றாமலே காபி போட்டார். அக்காவிடம்தான் ஒரு காலத்தில் கார் ஓட்டக் கற்றிருக்கிறார். லாரியைக் கண்டால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாராம். அதைச் சொல்லி அவரே சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

“இங்க ஒரு படி இருக்கே” என்றார் அக்கா, கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே காலால் தடவி.

“மெத்தை போட்டுருக்கேன் அக்கா. அந்தப் பக்கம் பாருங்க.”

பார்த்தார். மெத்தை இருந்தது. கிண்ணம் கனமாக இருந்தது. தரையில் ரப்பர் விரிப்பு ஓரம் தூக்காமல் ஒட்டப்பட்டிருந்தது. ஊதுவத்தி இல்லை. அக்காவின் முகம் வாடிக்கொண்டே போனது.

“நகம்?”

“ஐயோ, கை வைக்கல அக்கா. என் சோபாவைப் பாருங்க, தேங்காய் நார் மாதிரி ஆயிடுச்சு.”

மேசையடியிலிருந்து யூ டர்ன் வந்தது. சாம்பல் நிறம், அகலக் கால் பரப்பி நடக்கும் உடம்பு, காற்றில் ஆடும் வால். அக்காவின் கை தானாக நீண்டது. அதே நேரம் மேசையில் அழைப்பு விளக்கு மின்னியது. புகார்ப்பெட்டி ஒரு விரலை உயர்த்தி, ஒரே நிமிஷம் என்று சைகை காட்டிவிட்டு, நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். “வணக்கம் சார், சொல்லுங்க. எத்தனை நாளா தண்ணி வரல?”

அக்கா கையோடு கொண்டுவந்திருந்த கூடையைக் காலடியில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். இனி அந்த அறையில் அவருக்குச் சண்டை போட ஆளில்லை. பூனையும் அவரும்தான்.

யூ டர்ன் சோபாவைக் குறிவைத்தது. தலை ஆடியது, முன்னங்கால்கள் நகத்தால் நாரைப் பிடித்தன, பின்பாதி மேலே வரவில்லை. தொங்கியது. மல்லாக்க விழுந்தது. அக்கா பாதி எழுந்துவிட்டார். புகார்ப்பெட்டி திரும்பிப் பார்க்கவில்லை. விழுந்த சத்தம் கேட்டிருக்கும். விசைப்பலகையைத் தட்டுவது மட்டும் ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கியது. பூனை தரையில் கிடந்தபடியே ஒரு நீண்ட குரல் கொடுத்தது. அவர் ஒலிவாங்கியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, தலையை மட்டும் சாய்த்து, அதே அலுவலகக் குரலில் சொன்னார்: “உங்க புகார் பதிவாயிடுச்சுங்க. தயவுசெஞ்சு லைன்ல காத்திருங்க.” கையை எடுத்தார். “ஆமா சார், உங்களைத்தான். சொல்லுங்க.”

பூனை காத்திருக்கவில்லை. புரண்டு எழுந்து, மறுபடி சோபாவைப் பிடித்து, இம்முறை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு ஏறிவிட்டது. மேலே உட்கார்ந்து, எதுவுமே நடக்காதது போலக் காலை நக்கப் பார்த்தது. நாக்கு காலுக்குப் பக்கத்தில் இருந்த தலையணையை நக்கியது.

அக்கா மெதுவாக உட்கார்ந்தார். கூடை அவர் காலடியில் இருந்தது.

அப்போதுதான் யூ டர்ன் அவரைப் பார்த்தது. பார்த்ததும் காலை நக்குவதை விட்டது. சோபாவிலிருந்து இறங்குவது என்பது அதற்கு விழுவதுதான், விழுந்தது. எழுந்து அக்காவை நோக்கி நடந்தது. சுவர் இல்லாத கூடத்தின் நடுவே, நாலடிக்கு ஒருமுறை சரிந்து, சரிந்த இடத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கி, திசை தப்பி டீப்பாயைச் சுற்றிப்போய், மறுபடி திசை பிடித்து வந்தது. அவர் கால்விரல் நுனிக்கு ஒரு சாண் தூரத்தில் நான்கு கால்களும் நான்கு பக்கம் போய்ப் படுத்துவிட்டது. அண்ணாந்து பார்த்து, வாய் திறந்து, சத்தம் வராமல் ஒருமுறை கத்தியது. தலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

“இல்ல சார், நாளைக்குக் கண்டிப்பா ஆள் வருவாங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார் புகார்ப்பெட்டி, முதுகு காட்டி. “வேற ஏதாவது உதவி வேணுமா சார்?”

பிரேக்கு அக்கா தன் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைகளுக்கு அடியில் திணித்து, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.