உள்ளே வால்வு, வெளியே செடில் முள்

கோயில் தேருக்கு ஒரு கிழமைக்கு முந்தி, என் மனைவியின் அண்ணர் வீட்டுக்கு வந்தார். கையில் புதுக்கயிறு. முகத்தில் பக்தி. எனக்கு நெஞ்சு திக்கென்றது. ஏற்கெனவே டிக் டிக்கென்று சத்தம் போடுகிற நெஞ்சு... உள்ளே உலோக வால்வு பொருத்தியிருக்கிறார்கள். வீட்டில் என்னைத் தொலைக்கவே முடியாது. காது கொடுத்தால் போதும்.

ஒப்பரேஷன் நடந்தபோது மனைவி முருகனுக்கு நேர்ந்திருக்கிறாள். நான் பிழைத்தால் செடில் காவடி எடுப்பேனாம். முதுகுத் தோலில் முள்ளுக் குத்தி, கயிறு கட்டி, பின்னால் ஒருவர் இழுத்துப் பிடிக்க ஆடிப் போகவேண்டும். நேர்த்தி அவளுடையது, முதுகு என்னுடையது. என்ன அருமையான வேலைப் பங்கீடு!

ஆனால் நான் இரத்தம் உறையாமலிருக்கத் தினமும் குளிசை போடுகிறவன். சவர அலகு கீறினாலே குளியலறை இறைச்சிக்கடைபோலாகிவிடும்.

"ஒரு கிழமைக்குக் குளிசையை நிப்பாட்டு மச்சான்" என்றார் மனைவியின் அண்ணர். பருத்தித்துறையில் படகு வைத்திருப்பவர். உலகத்தில் எதுவும் அவருக்குப் படகுதான். "படகின்ரை அடியிலை சிப்பி பிடிக்காமல் பெயின்ற் அடிக்கிறம்தானே? உன்ரை வால்வுக்கும் இரத்தம் ஒட்டாத பூச்சு அடிச்சுத்தான் வைச்சிருப்பினம். யூரியூப்பிலை பாத்தனான்."

கேட்க நியாயமாக இருந்தது. அதுதான் பயம். கிளினிக்குக்கு ஓடினேன். சரி, நடந்தேன்.

படகுக் கதையைக் கேட்டு டொக்டர் பிள்ளை சிரிக்கவில்லை.

"அப்பிடிப் பூச்சு இருக்கு ஐயா. இரத்தம் ஓடுற சில குழாயளுக்கும் சில ஸ்டென்றுகளுக்கும் பூசுகினம். வால்வுக்கும் ஆராய்ச்சி நடக்குது. உங்கடையிலை இல்லை. குளிசையை விட்டால் வால்விலை இரத்தம் கட்டிப்படும். வால்வு இறுகினால்... கட்டி மூளைக்குப் போனால்..."

மற்றப் பக்கத்தையும் கேட்டேன்.

"குளிசையோடை முள்ளுக் குத்தினால்?"

"இரத்தம் லேசிலை நிக்காது."

விட்டால் உறையும், விடாவிட்டால் ஓடும். முருகா, இதில் நீ எந்தக் கட்சி?

தேரன்று காலை மச்சான் செடில் குத்துகிறவரோடு வாசலில் நின்றார். "ஆம்பிளை எண்டால் வா! சாமி காரியத்திலை ஒண்டும் ஆகாது."

"வரமாட்டன்!" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். "சாமி தந்த உயிரைச் சாமியின்ரை வாசலிலையே கொண்டுபோய்த் தொலைக்கவோ?"

"தெய்வக்குற்றம் வரும்!"

மனைவி குறுக்கே வந்தாள். "அண்ணை, நேர்ந்தவள் நான். மாத்திறதும் நான். முருகனோடை நான் கதைக்கிறன்."

கதைத்தாளோ தெரியாது. செடிலுக்குப் பதிலாக என் தலையில் ஒரு பாற்செம்பை வைத்துவிட்டாள்.

எங்கள் கோயிலில் பாற்செம்பு எடுப்பது பெண்கள். பட்டுச் சேலை வரிசைக்கு நடுவே ஒரு வேட்டி, ஒரு மீசை.

"இஞ்ச பாரடி, மீசை வைச்ச புதுப் பொம்பிளை!" பின்னாலிருந்து ஒரு குரல்.

"சிரிப்புக் காட்டாதை பிள்ளை, பால் சிந்தப் போகுது!" என்றபடி நிமிர்ந்து நடந்தேன். வீதி முழுக்கப் பார்த்தது. பார்க்கட்டும்!

இரத்தம் சிந்தினால்தான் வீரமாம்... சிந்தாமல் வைத்திருந்து பாருங்கள், தெரியும்!