குருவிக்குக் கட்டிய துண்டு

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், மன்னிக்கணும். அஞ்சாவதோடு நின்றவள் நான். ஞாபகமும் முன்னமாதிரி இல்லை. நம் பங்குக் கோயில் மலருக்குச் சின்ன வயசு நினைவு எழுதித் தரச் சொன்னீர்கள். என் சின்ன வயசில் எழுதுகிறமாதிரி ஒன்றும் நடக்கவில்லை. அதனால் என் மகளுடைய சின்ன வயசை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் நாங்கள் நெய்வேலியில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் பெரிய மிஷின் ஓட்டுகிற வேலை. நைட் ஷிப்ட் வாரம் வந்தால் அவர் காலையில் வந்து சாப்பிட்டுப் படுப்பார். எழுந்திருக்கும்வரை நானும் மகளும் கையால்தான் பேசிக்கொள்வோம். ஜெபம்கூட உதடு மட்டும்தான் அசையும். தூக்கம் கெட்ட ஆள் அந்த மிஷின்மேல் ஏறினால் என்ன ஆகுமோ என்று எனக்கு எப்போதும் பயம். வாசல் கேட்டில் அவருடைய பச்சைத் துண்டைக் கட்டிவிடுவேன். எங்கள் பிளாக்கில் நிறைய வீட்டில் அப்படித்தான். துண்டு தொங்கினால் உள்ளே ஆள் தூங்குகிறது என்று விற்க வருகிறவர்கள் கூவாமல் தாண்டிப் போவார்கள்.

அவர் படுக்கிற ரூம் ஜன்னலுக்கு வெளியே இடுப்பு உயரத்துக்கு ஒரு வாதாங்கன்று நின்றது. அதில் ஒரு குருவி வந்து சேர்ந்தது. என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். முதுகு இலைப் பச்சை, உச்சந்தலை துருப்பிடித்த இரும்பு நிறம், வயிறு அழுக்கு வெள்ளை. வால் எப்போதும் நிமிர்ந்துதான் நிற்கும். இரண்டு இலையை ஓரத்தில் அலகால் குத்தி, பஞ்சும் சிலந்தி நூலும் கோத்துச் சேர்த்து, அதற்குள் மெத்தைமாதிரி கூடு வைத்தது. மகள் அரிசி போட்டுப் பார்த்தாள். திரும்பியும் பார்க்கவில்லை. அதற்குப் புழுவும் பூச்சியும்தான் வேணும். செடிக்கடியில் தத்தித் தத்திப் பொறுக்கும்.

உடம்புதான் சின்னது. குரல் இருக்கிறதே, ஊசிமாதிரி காதில் இறங்கும். குஞ்சு பொரித்ததும் நாளெல்லாம் ஓயவில்லை. “உங்கப்பா தூங்கறதா வேணாமா? நாளைக்கு இந்தக் கன்றை வெட்டிடப்போறேன் பாரு” என்றேன். மகள் அன்றைக்குச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அவளுக்கு லீவு. நான் கொல்லைப்பக்கம் அரிவாளைத் தேடிக்கினு இருக்கிறேன், வாசலில் இடி விழுந்தமாதிரி, “உப்பேய்! கல்லுப்பேய்!” ஓடிப்போய்ப் பார்த்தால் கேட்டில் துண்டைக் காணோம். உப்புக்காரர், “துண்டு இல்லியேம்மா, அதான் கூவினேன்” என்று தலையைச் சொறிகிறார்.

அதற்குள் என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே வந்துவிட்டார். துண்டு வாதாங்கன்றில் இருந்தது. கூட்டையும் சேர்த்து இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. தாய்க்குருவி புழுவைக் கவ்விக்கொண்டு உள்ளே போக வழியில்லாமல் துணிக்கொடியில் இப்படியும் அப்படியும் தாவுகிறது.

“இன்னாடி இது?” என்று மகளைக் கேட்டார். அவள் வாயைத் திறக்காமல் குருவியைக் காட்டி, துண்டைக் காட்டி, கன்னத்தில் கை வைத்துத் தூங்குகிறமாதிரி தலையைச் சாய்த்தாள்.

“நான்தான் எழுந்துட்டேனே, வாயத் தொறந்து சொல்லேண்டி!”

“நைட் ஷிப்ட்னு குருவிக்குச் சொன்னேம்பா. கத்தினா அம்மா வெட்டிடும்ல?”

அவர் முடிச்சை அவிழ்த்தார். குஞ்சு செத்திருந்தால் பிள்ளை தாங்காதே என்று நான் எட்டிப் பார்த்தேன். இலைக்குள் மூன்றும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. தாய்க்குருவி இறங்கி, புழுவைக் கொடுத்துவிட்டு, அவர் முகத்துக்கு முழம் தூரத்தில் உட்கார்ந்து கத்தியது பாருங்கள்! தொண்டை புடைத்து, கழுத்தில் கறுப்பு தெரிய, உடம்பே அதிர ஒரே கத்தல். நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

அவர் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தார். “இதையா வெட்டணும்ன? எவ்ளோ சாதுவா ஒக்காந்துகினு இருக்கு. ஒரு சத்தம் உண்டா?” என்றார்.

மகள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “அப்பா எனக்காகப் பொய் சொல்றாரும்மா!” என்று காதில் சொன்னாள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் சிரிப்பு இல்லை. குருவியின் அலகு திறந்து மூடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எத்தனை வருஷமாக மிஷின் இரைச்சலில் நின்ற காது. இடிமாதிரி குரல் கேட்கிறது, ஊசிமாதிரி குரல் கேட்கவில்லை. எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. கன்றை வெட்டவில்லை. குஞ்சுகள் பறந்துபோயின.

சொந்தக்காரர் வந்தால் மகள் இந்தக் கதையைத்தான் சொல்லுவாள், எங்கப்பா எனக்காகப் பொய் சொன்னார் என்று. அவரும் கூடச் சிரிப்பார். அவர் போன பிறகும் அப்படியேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

குருவிக்குப் பேர் தையல்சிட்டு என்று அவள்தான் ஒருதரம் சொன்ன ஞாபகம். தப்பாக இருக்கலாம். அவளிடம் கேட்டுச் சரிபார்த்துப் போடுங்கள். கேட்கும்போது இதை முழுசாக அவளுக்குப் படித்துக் காட்டிவிடுங்கள். எனக்கு நேரில் சொல்ல வரவில்லை.