தறி நின்றால் கேட்கும் பாட்டு

இன்று மாலை நான் வேண்டிக்கொண்டபடியே கரண்ட் போனதும் எனக்குச் சந்தோஷம். பக்கத்து வீட்டு விசைத்தறி நின்றால்தான் என் ஹாம் ரேடியோ டிரான்ஸீவரில் இரைச்சல் அடங்கும். அதில் பேசுவதற்கு லைசென்ஸ் இன்னும் வரவில்லை. பாட்டரி போட்டுச் சிற்றலை வானொலி கேட்பதோடு சரி.

குமிழைத் திருப்பினேன். எந்த நாடோ, ஒரு பெண்ணின் பாட்டு அலைபோல் ஏறி இறங்கி மிதந்து வந்தது.

தறிக்காரர் முனுசாமி எட்டிப் பார்த்தார். "ஏன் நைனா, என் பொழப்பு நின்னு போச்சு, நீ பாட்டு கேட்டுகினு கீறே?"

"உங்க தறி ஓடுனா இது கேக்காதுண்ணே."

அவர் உள்ளே வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

விளக்கு எரிந்தது. "கரண்ட் வந்துடுச்சு!" என்று அவர் மனைவி குரல் கொடுத்தார்.

"தறிய போடாதே. அந்தம்மா பாடி முடிக்கட்டும்."

இனி எந்த முகத்தோடு நான் கரண்ட் போக வேண்டிக்கொள்வது? சொல்லுங்கள்.